எந்தப் பிராணியை வளர்ப்பது?

(வடக்கனந்தலில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேசவேண்டிய விஷயத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். இக்கூட்டத்தைக் கூட்டிய இளைஞர்கள் என்னிடம் வந்து, "ஐயா, நாயும் பூனையும் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. நாங்கள் புதுமையாக வேறு ஏதாவது வளர்க்கலாம் என்று நினைக்கிறோம். ஒருவர் கிளி என்கிறார், ஒருவர் ஆமை என்கிறார், ஒருவர் வெளிநாட்டு ஓணான் என்கிறார். எது சரி என்று நீங்கள் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். வருகிற வழியில் ஒரு நண்பர், "வேலைக்கு வழியில்லாத நாட்டில் கிளி வளர்ப்பதற்கு ஒரு பிரசங்கமா?" என்று கேலி செய்தார்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்ததில் இது அவ்வளவு அற்பமான சங்கதியாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் தன்னைவிட எளிய ஜீவனை என்ன காரணத்துக்காகத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளுகிறான், அதை எப்படி நடத்துகிறான் என்பதைப் பார்த்தாலே அவனுடைய அறிவின் யோக்கியதை தெரிந்துபோகும். ஆகவேதான் பேச ஒப்புக்கொண்டேன். எப்போதும் போல இப்போதும் சொல்லிக்கொள்ளுகிறேன்: நான் சொல்லுவது என் அபிப்பிராயம். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நாய்க்கும் கிளிக்கும் உள்ள பேதம்

முதலாவதாக ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாய் மனிதனோடு சேர்ந்து இன்று நேற்று ஆனதல்ல. பதினையாயிரம் வருஷத்துக்கு மேலாகவே ஓநாய் இனத்திலிருந்து பிரிந்து, மனிதனுடைய எச்சிலையும் வேட்டையையும் பங்கு போட்டுக்கொண்டு வந்த ஜாதி அது. பூனையோ, மனிதன் தானியம் விளைவித்துக் களஞ்சியம் கட்டியபோது எலியைத் தேடித் தானாக வந்து சேர்ந்தது. கோழி, ஆடு, மாடு எல்லாம் இப்படி நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக மனிதனோடு வாழ்ந்து, உடலும் சுபாவமும் மாறிப்போனவை. இவற்றை வீட்டில் பிறந்தவை என்று சொல்லலாம்.

கிளியும், நட்சத்திர ஆமையும், தேவாங்கும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைப் பிடித்து வந்து பத்து வருஷம் கூண்டில் வைத்தாலும் அது ஒரு கிளியைப் பழக்கியதாகுமே ஒழிய, கிளி இனத்தை வீட்டு இனமாக்கியதாகாது. அதன் குஞ்சு பொரித்தாலும் காட்டுக் குஞ்சாகத்தான் பொரிக்கும். இந்த ஒரு பேதத்தை அறிந்துகொண்டால் இன்றைய பேச்சில் பாதி முடிந்துவிட்டது.

ஆமை புகுந்த வீடு

நிற்க, ஜனங்கள் ஏன் புதுமையான பிராணியைத் தேடுகிறார்கள்? ஆசையினால் தேடுகிறவர்கள் சிலர். மற்றவர்களை விசாரித்தால் உள்ளே இருப்பது ஒன்று அதிர்ஷ்டம், மற்றொன்று அந்தஸ்து.

அதிர்ஷ்டத்தை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். நம் பாட்டன்மார், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லிவைத்தார்கள். கோமுகி ஆற்றங்கரையிலிருந்து ஓர் ஆமை தப்பித் தவறி வீட்டுக்குள் வந்துவிட்டால் வீட்டைக் கழுவிப் பரிகாரம் செய்தவர்கள் நாம். இன்று என்ன நடக்கிறது? அதே ஆமையைப் பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் விட்டு, இந்தத் திசையில் வைத்தால் லட்சுமி வருவாள் என்று வாஸ்துக்காரன் சொன்ன இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நேற்றுவரை குடும்பத்தைக் கெடுத்த ஆமை இன்று எப்படிக் குடும்பத்தைக் காப்பாற்றும்? ஆமை மாறிற்றா? ஆமைக்கு ஒன்றும் தெரியாது. மாறினவன் வாஸ்துக்காரன். முன்னே பரிகாரத்தில் காசு இருந்தது. இப்போது விற்பனையில் காசு இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

இந்த அதிர்ஷ்டப் பைத்தியத்தால் நட்சத்திர ஆமைக்கு வந்த கஷ்டம் கொஞ்சமல்ல. வறண்ட புதர்க்காட்டில் புல்லைத் தின்று பல பத்து வருஷம் வாழக்கூடிய ஜீவன் அது. அதன் ஓட்டில் நட்சத்திரம் போலக் கோடு இருப்பதுதான் அதற்கு வந்த வினை. மூட்டை மூட்டையாகக் கடத்தப்பட்டு, 2019ஆம் வருஷத்தில் உலக நாடுகள் கூடி அதைச் சர்வதேச வியாபாரம் கூடாத உயிர்களின் முதல் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

மண்ணுளிப் பாம்பின் கதை இதைவிட வேடிக்கை. இந்தக் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் புன்செய்க்காரர்களுக்கு அதை நான் வருணிக்க வேண்டியதில்லை. விஷமில்லாதது, உழுத மண்ணுக்குள் கிடப்பது, எலியைத் தின்று பயிரைக் காப்பது. அதன் வால் மழுங்கித் தலையைப் போலவே இருக்கும். பகைவன் தலை எது, வால் எது என்று தெரியாமல் ஏமாறட்டும் என்று இயற்கையில் அமைந்த தந்திரம் அது. பகைவன் ஏமாந்தானோ இல்லையோ, மனிதன் ஏமாந்துவிட்டான். "இருதலைப் பாம்பு, வீட்டில் வைத்தால் கோடீஸ்வரன்" என்று சொல்லி லட்சக்கணக்கில் விலை பேசுகிற கூட்டம் போலீசாரிடம் அகப்பட்ட செய்தியை நீங்கள் அடிக்கடி பத்திரிகையில் படிக்கிறீர்கள். அதை வைத்திருந்தால் பணம் வரும் என்பது நிஜமானால், வைத்திருப்பவன் ஏன் அதை விற்கிறான்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாதவன்தான் நிலத்தை அடமானம் வைத்துப் பாம்பு வாங்கப் போகிறான்.

தேவாங்கின் கண் பெரிதாக இருப்பதால் அதற்கு மந்திர சக்தி உண்டு என்று அதைப் பிடித்து வதைத்தார்கள். இரவில் பூச்சி பிடிக்கத்தான் அந்தக் கண். நமது சர்க்கார் 2022இல் கரூர், திண்டுக்கல் ஜில்லாக்களில் கடவூர்ப் பக்கம் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குக்கென்றே சரணாலயமாக்கியிருக்கிறார்கள். மூடநம்பிக்கைக்குத் தப்பிப் பிழைப்பதற்கு ஒரு பிராணிக்கு இவ்வளவு பெரிய வேலி வேண்டியிருக்கிறது!

கிளி எடுத்த சீட்டு

இனி, கிளிக்கு வருவோம். நம் பக்கத்துக் கடலூரில் 2024 பாராளுமன்றத் தேர்தலின்போது நடந்ததைக் கேளுங்கள். வேட்பாளராக நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சான் அவர்களுக்கு ஒரு கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்று சோதிடர் பலன் சொன்னார். அந்தச் செய்தி பரவியதும் வனத்துறையினர் வந்து, கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்று சோதிடரைப் பிடித்து, எச்சரித்து அனுப்பிக் கிளிகளை எடுத்துப் போனார்கள். ஜூன் 4ஆம் தேதி ஓட்டு எண்ணியபோது அவர் தோற்றார்.

தோழர்களே! வேட்பாளரைக் கேலி செய்ய நான் இதைச் சொல்லவில்லை. கிளியின் ஞானத்தைப் பாருங்கள். ஊரார் தலையெழுத்தையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கிளிக்கு, தன்னைப் பிடிக்க நாளைக்கு ஆள் வரப்போகிறது என்று தெரியவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் எஜமான் ஜாடை காட்டுகிறபோது சீட்டைப் போட்டால் ஒரு நெல் கிடைக்கும் என்பதுதான். அது பசியின் சாமர்த்தியம், சோதிடம் அல்ல.

அந்தச் சோதிடர் மேலும் எனக்குக் கோபமில்லை. மரத்தடியில் பாய் விரித்துப் பத்தும் இருபதும் வாங்குகிற ஏழை. அவரைப் பிடிப்பது சுலபம். பணக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குகிற கூண்டும் அதே குற்றந்தான். சென்னையில் 2023 பிப்ரவரியில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டில் பெரிய பச்சைக்கிளிகள் இரண்டு இருந்ததற்காக இரண்டரை லட்ச ரூபாய் அபராதம் விதித்தார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. மைனாவுக்கும் முனியாக் குருவிக்கும் காட்டு முயலுக்கும் அப்படியே.

எங்கள் வீட்டுக் கிளி

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. என் சொந்தச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது என் மாமா ஒரு பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து கிளிக்குஞ்சு ஒன்று எடுத்து வந்து கொடுத்தார். கம்பிக் கூண்டில் விட்டோம். மாதம் ஒருமுறை இறக்கையைக் கத்தரித்தோம். மிளகாய்ப்பழமும் கொய்யாவும் நெல்லும் வேளை தவறாமல் கொடுத்தோம். அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். வருகிறவர்களெல்லாம் மெச்சுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அன்பு வைத்திருப்பதால்தான் என் பெயரைச் சொல்லுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினம் பொழுது சாய்கிற நேரத்தில் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே எங்கள் வீட்டுக்கு மேலே போகும். அப்போது எங்கள் கிளி கூண்டின் மேல்கம்பியில் தொங்கிக்கொண்டு, அவை கண்ணுக்கு மறைகிறவரையில் கத்தும். "பாடுகிறது பார்" என்று நாங்கள் சிரிப்போம். எங்கள் களத்துக்குக் கதிர் அடிக்க வந்த ஒரு கிழவி ஒருநாள் சொன்னாள்: "அது பாடல தம்பி. என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு கூப்பிடுது." எழுத்தறியாத அந்தக் கிழவிக்குத் தெரிந்தது, பள்ளிக்கூடம் போன எனக்கு ஏழு வருஷமாகத் தெரியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் கூண்டைத் திறந்துவிட்டேன். நல்லது செய்கிறதாக நினைப்பு. வெட்டி வெட்டிக் குட்டையான இறக்கையால் அது நாலு முழம்கூடப் பறக்கவில்லை. தத்தித் தத்திக் கிணற்றடிக்குப் போயிற்று. நான் ஓடுவதற்குள் பூனை கவ்விக்கொண்டு போய்விட்டது. வீட்டில் எல்லோரும் பூனையைத் திட்டினார்கள். சகுனத் தடை செய்கிற சனியன் என்றார்கள். பூனை என்ன செய்யும்? அது தன் வேலையைச் செய்தது. கிளியைக் கொன்றவர்கள் நாங்கள். ஏழு வருஷத்துக்கு முன்பே கொன்றுவிட்டோம். பூனை எடுத்துப் போனது மிச்சத்தைத்தான்.

ஆகவே, உங்களில் யார் வீட்டிலாவது கூண்டுக்கிளி இருந்தால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். கதவைத் திறந்துவிட்டால் விடுதலை ஆகிவிடாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இறக்கை வளரவும், பறக்கப் பழகவும், கூட்டம் சேரவும் அதற்கு நாள் வேண்டும்.

"வேளைக்குத் தீனி கொடுக்கிறோம், பருந்துக்குப் பயமில்லை, அன்பாகத்தானே வைத்திருக்கிறோம்?" என்று கேட்பார்கள். சிறைச்சாலையிலும் வேளைக்குச் சோறு போடுகிறார்கள். வெய்யில் மழை இல்லை. யாராவது விரும்பிப் போகிறோமா? இந்தக் கல்வராயன் மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1976இல் சர்க்கார் எடுத்துக்கொள்ளுகிற வரையில் இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலைமக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். கேட்டால், "நாங்கள்தானே காப்பாற்றுகிறோம்" என்பதுதான் எந்தக் காலத்து எஜமானும் சொல்லுகிற பதில். மனிதனையும் கிளியையும் நான் ஒன்றாக்கவில்லை. மனிதன் கேட்டுப் போராடுவான்; கிளி கத்தத்தான் முடியும். ஆனால், "இது என் உடைமை, என் இஷ்டம்" என்கிற புத்தி இரண்டிடத்திலும் ஒன்றேதான்.

அந்தஸ்துக்குப் பிராணி

இரண்டாவது காரணம் அந்தஸ்து என்றேன். பிராணியை வைத்து மனிதனுக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். சண்டாளனுக்குச் சொத்து நாயும் கழுதையுமே என்று மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயத்தில் எழுதிவைத்தார்கள். இன்று அதே நாய் சீமைப் பெயரோடு வந்தால் பங்களாவில் மெத்தை போடுகிறார்கள். நாயும் எல்லோரிடமும் வந்துவிட்டதால், வேறு ஒருவரிடமும் இல்லாதது எது என்று தேடுகிறார்கள்.

இதற்காகப் பாங்காக்கிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பெட்டிக்குள் ஒளித்துப் பாம்பும் ஓணானும் குரங்குக் குட்டியும் வருகின்றன. 2019 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டிக்குள் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி இருந்தது. பெட்டிக்குள் வருகிறவற்றில் எத்தனை உயிரோடு வருகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர்கள், அது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளதானால், சர்க்காரில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. பேசுவதற்குப் பெயர் பெற்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அப்படிப்பட்டதுதான். அது நாற்பது ஐம்பது வருஷம் வாழக்கூடியது. இருபது வயதில் வாங்குகிற இளைஞன், தன் பேரன் காலம்வரை அதற்குத் துணை இருக்கத் தயாரா?

வாங்குகிறபோது நாணயம் போலச் சிறிதாக இருக்கிற அமெரிக்கச் சிவப்புக் காது ஆமை, சில வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டளவு ஆகிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய தென்னமெரிக்க மீன் முழ நீளம் வளருகிறது. அலுத்துப்போனதும் ஜீவகாருண்யம் பிறந்து, ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அது நம் நாட்டு மீனின் தீனியைத் தின்று பெருகி, முள்ளால் மீனவன் வலையைக் கிழிக்கிறது. பணக்காரன் வீட்டு அலுப்பு, ஏழை வீட்டு உலையில் கை வைக்கிறது. தயவு செய்து கோமுகி அணையில் அந்தப் புண்ணியத்தைச் செய்துவிடாதீர்கள்.

பின்னே எதைத்தான் வளர்ப்பது?

"எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீரே, எதைத்தான் வளர்ப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நாய் பூனை வேண்டாம் என்றால் வீட்டில் பிறந்த மற்ற ஜாதிகள் எத்தனையோ இருக்கின்றன. நாட்டுக்கோழியைத் தின்பதற்கும் விற்பதற்குமே பார்த்த நாம், அதை ஒரு ஜீவனாகப் பார்த்ததில்லை. பெயர் வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள், ஓடி வரும். கினிக்கோழி நாலு இருந்தால் தோட்டத்துப் பூச்சியைப் பொறுக்கித் தின்னும். அந்நியன் வந்தால் நாயைவிட அதிகமாகக் கூச்சல் போடும். வாத்தும் அப்படியே காவல் காக்கும். கொல்லை இருப்பவர்கள் வெள்ளாட்டுக் குட்டி வளர்க்கலாம்; ஆனால் ஒற்றைக் குட்டி ஏங்கும். வீட்டு முயல் வளர்க்கலாம். ஆனால் அது பஞ்சுப் பொம்மை அல்ல. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்வதற்கு எந்நேரமும் புல் வேண்டும். தோண்ட மண்ணும் ஓட இடமும் துணைக்கு இன்னொரு முயலும் வேண்டும். நம் சித்திரை வெய்யிலை அது தாங்காது. லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற ஆஸ்திரேலியக் குருவியைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதுவும் கூட்டமாகப் பறக்கிற ஜாதி என்பதை மறந்து, ஒரு முழக் கூண்டில் அடைக்க உங்கள் மனம் ஒப்பினால் அது உங்கள் பொறுப்பு.

எதை வாங்கினாலும் முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது வீட்டில் பிறந்த ஜாதியா, காட்டில் பிடித்ததா? இது எத்தனை வருஷம் வாழும், எவ்வளவு பெரிதாகும்? இதற்கு நோய் வந்தால் வைத்தியம் தெரிந்தவர் கள்ளக்குறிச்சியிலாவது இருக்கிறாரா? இதனால் எனக்கு என்ன என்பதோடு, என்னால் இதற்கு என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையானால், ஒன்றும் வளர்க்காமல் இருப்பதே நல்ல முடிவு. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

உடைமை இல்லாமலும் உறவு வைத்துக்கொள்ளலாம். சென்னை இராயப்பேட்டையில் காமிரா பழுதுபார்க்கிற ஒருவர், தாம் குடியிருந்த வாடகை வீட்டு மாடியில் தினமும் அரிசி ஊறவைத்துப் பரப்பிக்கொண்டு வந்தார். ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் இரண்டு வேளையும் வந்து தின்றுவிட்டுப் பறந்தன. அவரிடம் ஒரு கூண்டும் இல்லை. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள், வருகிற பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். ஊரே சேர்ந்து பறவை வளர்ப்பது என்றால் இதுதான். மேலே மலையும், பக்கத்தில் அணையும் உள்ள உங்களுக்கு இது என்ன கஷ்டம்? கூரையில் ஒரு மண்சட்டித் தண்ணீர். சிட்டுக்குருவிக்கு ஒரு துளைப்பெட்டி. பட்டுப்போன பனையை விறகுக்கு வெட்டாமல் விட்டு வைப்பது. அந்தப் பொந்தில் கிளி தானாக வந்து குஞ்சு பொரிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பையனுக்கு, குஞ்சை எடுத்துவந்து கொடுக்கிற மாமா வேண்டாம்.

முடிவாக ஒரே வார்த்தை. பொழுது சாய்கிற நேரமாகிவிட்டது. சற்று நேரத்தில் இந்த மைதானத்தின் மேலே கிளிக்கூட்டம் மலையை நோக்கிப் போகும். அப்போது இவ்வூரில் எந்த வீட்டுத் தாழ்வாரத்திலிருந்தாவது ஒரு கிளி பதில் குரல் கொடுக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டால், அது பாடுகிறதா, கூப்பிடுகிறதா என்பதை நான் சொல்ல வேண்டாம். உங்கள் புத்தியையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.